முதல் மட்சுக்கே கொளுத்திய வெடி

சிவமயம்

துறைமுக வாசல் ஓட்டோ தரிப்பிடம்,
திருகோணமலை.

அன்புத் தங்கச்சி பூரணிக்கு,

அண்ணன் தவராசா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மச்சாள் இலட்சுமியும் உன் மகள் லோஜனாவும் சுகம். ஓட்டோவுக்கு மட்டும் கொஞ்சம் இருமல். அங்கே கட்டாரில் நீயும், நீ வேலை செய்கிற வீட்டு எசமானி மடமும், மடத்தின் பிள்ளைகளும், நீ எப்போதும் குறை சொல்கிற அந்தக் குளிர்காற்று மெசினும் குறைவில்லாமல் இருக்கக் கோணேசரிடம் தனித்தனியாகச் சொல்லிக் கும்பிட்டிருக்கிறேன்.

விசயத்துக்கு வருகிறேன். நடந்தது அத்தனையும் நான் முன்கூட்டியே சொன்னதுதான். கூடைப்பந்து லீக் தொடங்குமுன்னமே தரிப்பிடத்தில் வைத்து, என்னோடு ஓட்டோ ஓடுகிற ஸெய்னுதீன் நானாவிடம், "நானா, எழுதி வையுங்கோ. இந்த முறை எங்கட பிள்ளையள் ஒண்டில் வெல்லுவினம், இல்லாட்டிக் கடைசி வரைக்கும் போவினம்" என்றேன். "இதை ஏன் எழுதி வைக்கோணும் தவராசா? மழை வரும், இல்லாட்டி வராது எண்டு நானும் சொல்லுவன்" என்றார். பொறாமை. ஆனால் ஆள் நல்லவர். டோஹாவுக்குத் திரும்புகிற அவருடைய மருமகன் கையில்தான் இந்தக் கடிதமும் பார்சலும் வருகின்றன. வெள்ளிக்கிழமை நீ போன் எடுக்கிற பத்து நிமிசத்தில் சொல்லி முடிக்கிற கதையா இது?

முதலில் உனக்குச் சரித்திரம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் என் அருமை விளங்காது. உன் மகள் விளையாடுகிற இந்த மகளிர் கூடைப்பந்து லீக் தொடங்கிய வருசம், பிளே ஓஃப் என்று ஒரு சாமானே இருக்கவில்லை. எட்டு அணியும் ஒன்றோடொன்று மோதும், புள்ளிப் பட்டியலில் மேலே நிற்கிறவருக்குக் கிண்ணம், அவ்வளவுதான். கொழும்பு அணி இடைநடுவிலேயே எட்டாத உயரத்துக்குப் போய்விட, மிச்ச மட்சுகளைப் பார்க்க மத்தியஸ்தரும் காகங்களும்தான் வந்தார்கள். சனம் வரவேண்டுமே என்று அடுத்த வருசம் முதல் நான்கு அணிக்கும் அரையிறுதி வைத்தார்கள். நாங்கள் தட்டுத்தடுமாறி நான்காவதாக உள்ளே நுழைந்து, அந்த வருசம் ஒருவரிடமும் தோற்காத கொழும்பு அணியை ஒரே பின்னேரத்தில் விழுத்தினோம். நான் போட்ட கூச்சலில் துறைமுகத்தில் நின்ற கப்பல் ஒன்று பதிலுக்கு ஊதியது, கேட்டவர்கள் இருக்கிறார்கள். இறுதிப்போட்டியில் நாங்கள் தோற்றது வேறு கதை. ஆனால் கொழும்புக்காரருக்குக் கோபம். வருசம் முழுக்க உழைத்தவன் ஒரு நாள் வயிற்றுவலியில் வெளியே போவதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பிறகு பெற்றோல் வரிசை வருசம் வந்தது, அணிகள் ஊர்விட்டு ஊர் போக ஏலாமல் லீக் பாதியில் நின்றது, கிண்ணம் யாரோ ஒருவருடைய அலுமாரியில் சேலைகளுக்கு நடுவே கிடந்தது.

இந்த வருசம்தான் புது முறை கொண்டுவந்தார்கள். பட்டியலில் முதலாவதும் இரண்டாவதும் மோதும், வென்றவர் நேரே இறுதிக்கு. தோற்றவர் அழுதுகொண்டு வீட்டுக்குப் போகத் தேவையில்லை. மூன்றாவதும் நான்காவதும் மோதி வென்றவரோடு இன்னொரு தடவை விளையாடலாம். உண்மையைச் சொன்னால் இது என் யோசனை. எங்கள் தரிப்பிடத்தில் வரிசையில் முதலாவதாக நிற்கிறவனுக்கு வந்த ஹயர், அந்தச் சவாரி, கைநழுவிப் போனால் அவன் வரிசையின் வாலுக்குப் போகத் தேவையில்லை, அடுத்ததும் அவனுக்கே. அது நான் போட்ட சட்டம். ஒருநாள் இதைப் பிள்ளைகளின் கோச் புஸ்பராணி மிஸ்சுக்கு விளங்கப்படுத்தினேன். அவ கொழும்பில் லீக் நடத்துகிறவர்களுக்குச் சொல்லியிருப்பா. என் பெயரை எங்கும் போடவில்லை. பரவாயில்லை, எனக்குப் புகழ் பிடிக்காது.

நாங்கள் பட்டியலில் இரண்டாவது. முதல் மோதலில் கொழும்பிடம் தோற்றோம். பாலையூற்றில் எங்கள் ஒழுங்கை, தெரு முழுவதும், செத்தவீடு மாதிரி ஆனது, இலட்சுமி அடுப்பையே மூட்டவில்லை. நான் ஒருவன்தான் நடு ஒழுங்கையில் நின்று, "இன்னொரு வாய்ப்பு இருக்கு" என்று கத்தினேன். ஒருவரும் நம்பவில்லை. பிறகு லோஜனாவும் பிள்ளைகளும் கண்டி அணியை வென்று இறுதிக்குப் போனதும் பார், எனக்கு வந்த மரியாதையை! பிளே ஓஃப் பற்றி ஐயம் என்றால் கோயில் ஐயர்கூட என்னிடம்தான் கேட்பார்.

இங்கேதான் ஒரு சின்ன விசயம். இறுதிப்போட்டி எப்படி நடக்கும் என்று புஸ்பராணி மிஸ் எனக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருக்கும்போது நிலாவெளிக்கு ஒரு ஹயர் வந்துவிட்டது. இரண்டு வெள்ளைக்காரர், நாலு பெட்டி. நான் கேட்டது அரைவாசி. மிச்ச அரைவாசியை ஓட்டோ ஓடும்போது நானே யோசித்துப் பூர்த்தி செய்தேன். வெள்ளிக்கிழமை எங்கள் திடலில் இறுதிப்போட்டி, வென்றால் கிண்ணம் என்று ஊருக்கும் சொன்னேன், உனக்கும் சொன்னேன். நீ மடத்திடம் கெஞ்சி ஒரு பின்னேரம் லீவு எடுத்து, ஸெய்னுதீன் நானா தன் போனில் காட்டக் காட்ட முழு மட்சையும் பார்த்தாய். நானா கை நடுங்கினதில் பாதி நேரம் உனக்கு வானம்தான் தெரிந்திருக்கும்.

நாங்கள் வென்றோம். அதில் ஒரு பொய்யும் இல்லை. விசில் அடித்த மறுநொடி நான் வெடிக்கட்டைக் கொளுத்தினேன். திடல் வாசலில் வாழைமரம், மாவிலைத் தோரணம், ஓரத்தில் மூன்று கல் வைத்து இலட்சுமி பொங்கிய பொங்கல். புஸ்பராணி மிஸ் தலைமுடி அவிழ ஓடி வந்தா.

"தவராசா அண்ணே! நிப்பாட்டுங்கோ! இன்னும் முடியேல்லை!"

"ஓம் மிஸ், இன்னும் ஒரு பெட்டி இருக்கு" என்று அதையும் கொளுத்தினேன்.

தோற்ற கொழும்புப் பிள்ளைகள் ஒன்றும் விளங்காமல் நின்றார்கள். பாவம் என்று அவர்களுக்கும் இலை போட்டோம். அவர்களின் தலைவி இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "இண்டைக்கு என்ன கோயில் திருவிழா அங்கிள்?" என்று கேட்டாள். அப்போதுதான் மிஸ் என் கையிலிருந்த நெருப்புப்பெட்டியைப் பறித்துக்கொண்டு சொன்னா: இறுதி ஒரு மட்ச் இல்லை, மூன்று. இரண்டு வென்றால்தான் கிண்ணம். பட்டியலில் மேலே நிற்கிற அணிக்குச் சலுகை, அதனால் மற்ற இரண்டும் கொழும்பில். இதற்கிடையில் ஊரில் அலைகிற மான் இரண்டு வந்து தோரணத்தைத் தின்னத் தொடங்கிவிட்டன. மானுக்குக்கூட விதிமுறை தெரிந்திருக்கிறது.

ஆனால் பூரணி, அதற்குள் நீ போனில் அழுதுகொண்டு சொல்லிவிட்டாய். உன் மனுசன் தவறிப்போய் நீ வெளிநாடு போன நேரம், பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விமான நிலையத்தில் நின்ற பிள்ளைக்கு ஒரு வாக்குக் கொடுத்தாயே, "நீ நாட்டிலேயே முதல் ஆளா வந்தா அம்மா எல்லாத்தையும் போட்டிட்டு வந்து வீட்டில நிப்பன்" என்று, அதை மறக்கவில்லை நீ. "சொன்ன சொல் சொன்னதுதான் அண்ணா. இந்த மாசம் மடம் நீட்டுற வேலை ஒப்பந்தக் கடதாசியில கையெழுத்து வைக்க மாட்டன். வாறன்" என்றாய். வெடிச்சத்தத்தில் எனக்கு அது மட்டும் தெளிவாகக் கேட்டது. அதற்குப் பிறகு நான் எந்த வாயால் இது முதல் மட்ச் என்று சொல்வது?

லோஜனா வியர்வையோடு வந்து நின்றாள்.

"மாமா, அம்மாக்கு முடிஞ்சுதெண்டா சொன்னனீங்கள்?"

"முடிஞ்ச மாதிரித்தான் பிள்ளை."

"அம்மா என்ன சொன்னவ?"

"வாறாவாம்."

அவள் தோரணத்தில் மிஞ்சியிருந்த ஒரு மாவிலையைப் பிய்த்து மானுக்கு நீட்டினாள். பிறகு, "அப்ப வெல்லத்தான் வேணும்" என்றாள். அன்றையிலிருந்து கொழும்புக்குப் போகும்வரைக்கும் அவள் விடிய எழும்பித் திடலுக்குப் போய்விடுவாள். நான் ஓட்டோவை நிறுத்திப் பந்தைப் பொறுக்கிக் கொடுத்தேன். என் பயிற்சியில்தான் அவள் குறி நேரானது என்று மிஸ் சொன்னா. சொல்லாவிட்டாலும் அவவின் முகத்தில் தெரிந்தது.

போன வெள்ளிக்கிழமை நீ எடுத்து மகள் எங்கே என்று கேட்டபோது, கொழும்பில் பாராட்டு விழா என்றேன். மன்னித்துக்கொள். அவள் போனது இரண்டாவது மட்சுக்கு. அன்று பின்னேரமே நானும் ஒழுங்கைச் சனத்தோடு வான் பிடித்துப் போனேன். சனிக்கிழமை இரண்டாவதைத் தோற்றோம். எவ்வளவு வித்தியாசம் என்று கேட்காதே, பலகையில் இலக்கம் மாற்றுகிறவனுக்கே கை வலித்திருக்கும். மூன்றாவது, ஞாயிற்றுக்கிழமை. அதை நீ பார்த்திருக்க வேண்டும். மண்டபத்தில் பத்தாயிரம் பேர். சரி, ஐந்நூறு. எங்கள் பக்கம் நான், இலட்சுமி, ஸெய்னுதீன் நானா, வான் சாரதி, இன்னும் ஏழெட்டுப் பேர். ஆனால் நான் ஒருவனே நூறு பேருக்குச் சமம். கடைசிச் சில நொடி, நாங்கள் ஒரு புள்ளி பின்னால். பந்து லோஜனாவின் கையில். கொழும்பு அணியின் இரண்டு நெடுவல்கள் மதில் மாதிரி முன்னால் நிற்க, அவள் நடுவுக்குள் புகுந்து, குனிந்து, எழும்பி எறிந்தாள். பந்து வளையத்தில் ஏறியது. ஏறி, தேர்த்திருவிழாவில் சுவாமி வீதிவலம் வருகிற மாதிரி ஆறுதலாக ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. இலட்சுமி என் கையில் நகம் பதித்த காயம் இன்னும் இருக்கிறது. பிறகு பந்து உள்ளே விழுந்தது!

ஆகவே, தங்கச்சி, நான் கொளுத்திய வெடி வீண்போகவில்லை, கொஞ்சம் முந்திவிட்டது அவ்வளவுதான். நீ கொடுத்த வாக்கும் சரி, கையெழுத்து வைக்காததும் சரி. பார்சலில் நெத்தலிக் கருவாடும் இலட்சுமி இடித்த கறித்தூளும் இருக்கின்றன. சிவப்புத் துணியில் சுற்றிய சின்னப் பொட்டலம் லோஜனா அனுப்புவது, அவள் கழுத்தில் போட்ட தங்கப் பதக்கம். விமானத்தில் மேலே போகும்போது குளிருக்கு நிறம் கொஞ்சம் வெளிறக் கூடும் என்று கேள்வி. பார்த்து யோசிக்காதே.

கோணேசர் துணை. மடத்துக்கு என் வணக்கத்தைச் சொல்லு, பிள்ளைகளை நீ வந்த பிறகு யார் பார்ப்பது என்று அவவும் இப்போதே யோசிக்கட்டும். குளிர்காற்று மெசினுக்கு நேரே படுக்காதே, உனக்குச் சளி பிடிக்கும்.

இப்படிக்கு,
உன் அன்பு அண்ணன்,
சி. தவராசா
(பிளே ஓஃப் ஆலோசகர்)

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் லோஜனா பறித்து வாசித்தாள். நடுவில் இரண்டு மூன்று இடத்தில் சிரித்தாள். கடைசியில் சிரிக்கவில்லை.

"மாமா, அம்மாக்குக் கண் தெரியாதோ? பொட்டலத்தில இருக்கிறது வெள்ளி."

"அதுக்குத்தான் பிள்ளை குளிரைப் பற்றி எழுதியிருக்கிறன்."

அவள் பார்த்த பார்வையில் பேனையைத் திரும்ப எடுத்தேன். பூரணி, பந்து வளையத்தில் வீதிவலம் வந்தது சத்தியம். மூன்று சுற்றும் சத்தியம். உள்ளே விழுந்தது மட்டும் நான் போட்டது. அது வெளியே இறங்கிவிட்டது. நாங்கள் ஒரு புள்ளியால் தோற்றோம். அந்தக் கொழும்புத் தலைவி வந்து உன் மகளைக் கட்டிப்பிடித்து, பொங்கல் நல்லாயிருந்தது என்றாள்.

லோஜனா மண்டபத்தில் அழவில்லை. திரும்பி வரும்போது ஹபரணையில் தேத்தண்ணிக்கு வானை நிறுத்தினோம். எல்லாரும் இறங்கினார்கள், அவள் இறங்கவில்லை. நான் ஒரு கோப்பை பிளேன்ரீயைக் கொண்டுபோய் நீட்டினேன். அதை வாங்காமல், நீ வெளிநாடு போன வருசத்தில் இருந்த அந்தச் சின்னக் குரலில் கேட்டாள்:

"அம்மா இனி வரமாட்டாவோ மாமா?"

வருவா என்றேன். யோசிக்காமல், மிச்ச அரைவாசியை நானே பூர்த்தி செய்துவிட்டேன். என் கணிப்பு எதுவும் இதுவரை பிழையாய்ப் போனதில்லை என்பது உனக்குத் தெரியும். இதைப் பிழையாய்ப் போக விடாதே.

தோரணம் முழுவதையும் மான் தின்றுவிட்டது. மாமரத்தில் இலை இருக்கிறது, புதிதாகக் கட்டலாம். கொளுத்தாமல் மிஞ்சிய வெடிக்கட்டு ஒன்றும் இலட்சுமிக்குத் தெரியாமல் சமைக்கிற குசினிப் பரணில் கிடக்கிறது. ஆனால் இந்த முறை நான் அவசரப்பட மாட்டேன். நீ விமானம் ஏறிவிட்டாய் என்றாலும் கொளுத்த மாட்டேன், கொழும்பில் இறங்கிவிட்டாய் என்றாலும் கொளுத்த மாட்டேன். நீ எங்கள் வாசல் படலையைத் திறந்து, உள்ளே கால் வைத்த பிறகுதான்.