எண்ணெய்த் தலையும் ஒரு சண்டை விமானமும்

ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் தென்காசியில் யாருக்கும் சொந்த வீடு கிடையாது. பத்திரம் நம் பேரில் இருக்கும், அவ்வளவுதான். கூடத்தில் சொந்தக்காரர்கள் படுத்திருப்பார்கள், கொடி முழுக்க அவர்களுடைய ஈரத்துண்டுகள் தொங்கும், நாம் அடுப்படியில் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருப்போம்.

அப்படிப்பட்ட வீட்டில் எனக்கென்று மாடியில் ஒரு சின்ன அறை இருந்தது. மகள் காவ்யா கல்லூரி விடுதிக்குப் போனபோது விட்டுச்சென்ற கம்ப்யூட்டரும், விமானம் ஓட்டுகிற விளையாட்டுக்கான ஜாய்ஸ்டிக்கும், காலால் மிதிக்கும் பெடல்களும் அங்கே கிடந்தன. அவள் போன துக்கத்தில் தூசி தட்டப் போனவள், அப்படியே உட்கார்ந்து இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஸ்பிட்ஃபயர் விமானத்தை ஓட்டப் பழகிவிட்டேன். (நாற்பத்தாறு வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்காதீர்கள். என் வீட்டுக்காரர் ஏற்கெனவே கேட்டுவிட்டார்.) நாள் முழுக்க எல்லாருக்கும் ஓடுகிறவளுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் மூச்சு. அந்த அறையை நான் அவ்வளவு நேசித்தேன்.

ஓட்டப் பழகினேன் என்றால், ஏற்ற. இறக்குவது வேறு கதை. அந்த விமானத்துக்கு மூக்கு நீளம். இறங்கும்போது ஓடுபாதையையே மறைத்துவிடும். அதனால் இடப்பக்கமாக வளைந்து வந்து, பக்கவாட்டில் எட்டிப் பார்த்துக்கொண்டே இறக்க வேண்டும். தரையைத் தொட்ட பிறகு பிரேக்கை ஓங்கி மிதித்தால் மூக்கு மண்ணில் குத்தி, முன்னாலிருக்கும் விசிறி உடைந்துவிடும். நான் உடைத்த விமானங்களைப் பழைய இரும்புக்குப் போட்டிருந்தால் மாடிக்கு மேல் இன்னொரு மாடி கட்டியிருக்கலாம். ஒரே ஒரு தடவை ஒழுங்காக இறக்கியிருந்தேன். அந்தத் திமிர்தான் என்னைக் கெடுத்தது.

எட்டிப் பார்ப்பதற்குக் காவ்யா ஒரு வசதி செய்து வைத்திருந்தாள். கம்ப்யூட்டர் மேலிருக்கும் கேமரா என் முகத்தையே கவனித்துக்கொண்டிருக்கும். நான் தலையை லேசாக இடப்பக்கம் திருப்பினால் திரையிலும் விமானத்தின் இடப்பக்கம் தெரியும்.

அந்த சீசனுக்குச் சிவகிரியிலிருந்து மதினியும் அண்ணாச்சியும் வந்திருந்தார்கள். மதினி என் வீட்டுக்காரரின் அக்கா, அண்ணாச்சி அவருடைய கணவர். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களிடம் போய்க் காத்திருக்கப் பொறுமையில்லாமல், அண்ணாச்சி எங்கள் வீட்டிலேயே உச்சந்தலை முதல் பாதம் வரை தேய்த்துக்கொண்டுதான் அருவிக்குக் கிளம்புவார். ஒரு நாள் அவர் தேய்த்து முடிக்கவும், அருவியில் வெள்ளம், குளிக்க விடவில்லை என்று தகவல் வரவும் சரியாக இருந்தது. பாவம், எதிலும் உட்கார முடியாமல் எண்ணெய் வடிய வீடெல்லாம் நின்றுகொண்டே திரிந்தார்.

மதினி மாடிக்கு வந்து என் அறையைக் கண்ணால் அளந்தார்.

“ஏட்டி செண்பகம், இங்கன ஒரு கட்டிலப் போட்டா நானும் அவியளும் படுத்துக்கிடுவோம்லா? இந்த விளையாட்டுச் சாமானையெல்லாம் தூக்கிப் பரண்ல போடு.”

விளையாட்டுச் சாமான்! எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது.

“மதினி, இப்ப உங்க கண்ணு முன்னாலயே எறக்கிக் காட்டுதேன். உடையாம நின்னுட்டா ரூம் எனக்கு. உடைஞ்சிட்டா நாளைக்கே கட்டிலப் போடுங்க.”

“பொறவு பேச்சு மாறக் கூடாது,” என்றார் மதினி, கதவோரம் சாய்ந்துகொண்டு.

ஏற்றினேன், சுற்றினேன், வேகத்தைக் குறைத்தேன். சக்கரம் இறங்கியது. இடப்பக்கம் வளைந்து எட்டிப் பார்த்தேன். ஓடுபாதை அழகாகத் தெரிந்தது.

திடீரென்று திரையில் வலப்பக்க இறக்கை தெரிந்தது. நான் இன்னும் இடப்பக்கம் கழுத்தை வளைத்தேன். வானம் தெரிந்தது. அடுத்து என் காலடி. “ஐயோ, என்னாச்சு இதுக்கு!” என்று கத்திக்கொண்டே திரும்பினால், என் தோளுக்கு மேல் அண்ணாச்சி. டியூப்லைட் வெளிச்சத்தில் முகமும் வழுக்கையும் தகதகவென்று மின்ன, நான் பிடித்திருந்த ஜாய்ஸ்டிக்கை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பளபளப்பில் கேமரா என் முகத்தை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டது!

அவரைப் போகச் சொல்லியிருக்கலாம். ஆனால் கேமரா மறுபடி என் முகத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் விமானம் தரையில் கிடக்கும். அவ்வளவு கீழே வந்துவிட்டது.

“அண்ணாச்சி, அசையாதிய! தலைய மட்டும் இடப்பக்கம் திருப்புங்க!”

“எதுக்கும்மா?”

“திருப்புங்க அண்ணாச்சி, கும்பிடுதேன்!”

நல்ல மனுஷர். சலூனில் உட்கார்ந்தவர் போலத் திருப்பினார். ஓடுபாதை வந்தது.

“இன்னும் கொஞ்சம். போதும், போதும்! மூச்சு விடாதிய!”

“எறங்கிட்டா?” என்றார், சுவரைப் பார்த்தபடியே.

“இல்ல!”

புல்தரை மேலே மேலே வந்தது. அண்ணாச்சியின் தாடையிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் என் கையில் விழுந்தது. துடைக்கவில்லை. மதினி முந்தானையை வாயில் கடித்துக்கொண்டிருந்தார். மெதுவாக மூக்கைத் தூக்கினேன். தட். ஒரு துள்ளல்கூட இல்லை! சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்நாளில் நான் அப்படி இறக்கியதில்லை. விமானம் ஓடுபாதையில் நேராக ஓடி, வேகம் குறைந்துகொண்டே வந்தது. எனக்கு அழுகை முட்டியது.

அப்போது கீழேயிருந்து என் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்.

“அத்தான்! அருவியில விட்டுட்டாங்களாம்! வாங்க, போவம்!”

அண்ணாச்சி சடாரென்று திரும்பி வாசலைப் பார்த்தார். திரையில் விமானத்தின் வால் தெரிந்தது. நான் பதறிப்போய் பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்தேன். வால் எழும்பியது, மூக்கு குத்தியது, விசிறி உடைந்து சிதறியது.

மதினி முந்தானையை எடுத்துவிட்டுச் சொன்னார்.

“உடைஞ்சிட்டுல்லா?”

“எறங்குன பொறவுதான மதினி உடைஞ்சுது!”

“நின்னுட்டான்னுதான சொன்ன. நிக்கலயே.”

எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அதற்குள் படியிறங்கப் போன அண்ணாச்சி அதைப் பார்த்துத் திரும்பி வந்தார். “ஏட்டி, நான் திரும்புனதுக்கு அவ என்ன செய்வா? எறக்குனது நாங்க ரெண்டு பேரு. அந்தச் சாமான்ல கை வச்சிராத!” என்றார். கட்டிய மனைவியை அவர் எதிர்த்துப் பேசி நாங்கள் பார்த்தது அன்றுதான்.

தீர்ப்பு இப்படி ஆனது: கட்டிலும் வந்தது, ஜாய்ஸ்டிக்கும் இருக்கிறது. இப்போது நான் கட்டில் நுனியில் உட்கார்ந்துதான் விமானம் ஓட்டுகிறேன். சீசனில் பின்னால் மதினி குறட்டை விடுகிறார். குடும்பத்தில் யார் காரைப் பின்னால் எடுத்தாலும், “அண்ணாச்சிய நேரா பாக்கச் சொல்லுங்க” என்று ஒரு குரல் கிளம்பாமல் இருப்பதில்லை.

தனியாக நான் இன்னும் அப்படி ஒருமுறைகூட இறக்கியதில்லை. போன சீசனுக்கு வந்த அண்ணாச்சி, பையைக் கீழே வைத்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

“என்னம்மா, எண்ணெய இப்பவே தேய்ச்சிரட்டா, இல்ல அருவிக்குப் போகும்போது தேய்ச்சாப் போதுமா?”

மதினி குளியலறையில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு, எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து நானே அவர் கையில் கொடுத்தேன்.