துவக்குக்கு ஒரு வாய்ப்பூட்டு

இரண்டாவது முறைப்பாடும் ஆறாம் இலக்கத்தின் தலையில்தான் வந்து விடிந்தது. சேந்தன் தன் முதுகைத் தொட்டுப் பார்த்தான். கழகம் கொடுத்த மேலங்கியில் ஊருக்கே தெரிகிற மாதிரி 6 என்று எழுதியிருந்தது. தப்பிக்க வழியில்லை.

“வேலிக்கு அந்தப் பக்கத்து மதாம் மர்கரீத் மறுபடியும் நகரசபைக்கு எழுதியிருக்கிறார்,” என்றார் துப்பாக்கி சுடும் கழகத்தின் தலைவர் வின்சன்ற். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். “‘ஞாயிறு காலையில் ஆறாம் இலக்கக்காரரின் சத்தம் தாங்க முடியவில்லை.’ ஐந்து கடிதம் சேர்ந்தால் நகரசபை நம் ஞாயிற்றுக்கிழமையை ரத்துச் செய்யும். அதற்கு முன்னால் நான் உங்களை ரத்துச் செய்யவேண்டி வரும்.”

கழகம் இல்லாவிட்டால் அனுமதிப் பத்திரம் இல்லை. பத்திரம் இல்லாவிட்டால் துவக்கையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். வைத்தியர் கடிதம், காவல்துறை விசாரணை, மாவட்ட நிர்வாகமான பிரெபெக்சரின் கடுதாசி என்று ஒன்றரை வருடம் அலைந்து வாங்கிய துவக்கு அது. இருபத்திரண்டு அளவுச் சின்னத் தோட்டா. முதல் தோட்டாவை மட்டும் கையால் ஏற்றிவிட்டால் போதும், மிச்சத்தைத் தானே ஏற்றிக்கொள்ளும். கிழமையில் ஐந்து நாள் சென் தெனியில் ஒரு கந்தோரில் பிறத்தியாருடைய கோப்புகளை அடுக்கும் சேந்தனுக்கு, பொபினிக்கு அப்பால் பஸ் ஏறிவந்து கடதாசியில் ஓட்டை போடும் அந்த இரண்டு மணித்தியாலம்தான் சொந்த வாழ்க்கை.

“இன்னாபா, மூஞ்சி தொங்கிப்போச்சு?” பக்கத்து மேடையிலிருந்து எமில் எட்டிப் பார்த்தார். புதுச்சேரிக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருபது வருடம் இருந்துவிட்டு, மிச்ச ஆயுளை அறிவுரை சொல்வதற்கென்றே ஒதுக்கி வைத்திருப்பவர்.

“என்ரை துவக்குச் சத்தம் கூடிப்போச்சாம், முசியே எமில்.”

“அவ்ளோதானா? சத்தத்த அடக்குற கொழா, ஒரு சிலான்சியோ வாங்கி மாட்டு. லிசான்ஸ் இருக்குல்ல, கடையில குடுப்பான். இந்த நாட்டுல அது தப்பு கெடையாது, பக்கத்து வூட்டுக்கு நாம காட்டுற மரியாதை.”

அப்போது சேந்தனின் ரெலிபோன் அதிர்ந்தது. சுடும் மேடையில் ரெலிபோன் தொடக்கூடாது என்பது விதி. விதி என்றால் சேந்தனுக்கு உயிர். துவக்கை வெறுமையாக்கி வைத்துவிட்டு, காதடைப்பான் காதிலிருக்கப் பின்பக்க வேலியடிக்கு ஓடினான். அலை ஒழுங்காகப் பிடிப்பதும் அங்கேதான்.

“இஞ்சேருங்கோ,” மனைவி இந்திராதேவி நம் ஆட்களின் கடைத்தெருவான லா ஷப்பலில் ஒரு மீன்கடையில் நின்றாள். “விளைமீனும் கிடக்கு, சூடையும் கிடக்கு. எதை வாங்க?”

“என்னது?”

“விளைமீன்!”

“சூடை வாங்கும்! சூடை! முள்ளு எடுக்க எனக்கு அலுப்பில்லை!”

“அதென்னப்பா பின்னாலை வெடி கேக்குது? கடையிலை சனம் என்னைத்தான் பாக்குது. உங்கட துவக்குக் கதை ஆருக்கும் தெரியக்கூடாது, சொல்லிப்போட்டன்.”

அவள் பயத்திலும் நியாயம் இருந்தது. ஊரில் யுத்தம் முடிந்து நாலு வருடம்தான். நம் ஆட்கள் மத்தியில் துவக்கு என்ற சொல்லை வாயிலெடுத்தால், சொன்னவன் வீட்டுக்குப் போய்ச் சேர முதல் கதை கனடாவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

அடுத்த ஞாயிறு சேந்தனின் துவக்கு நுனியில் கறுப்புக் குழாய் ஒன்று ஏறியிருந்தது. சத்தம் பாதியாகக் குறைந்தது. வின்சன்றுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. “இதுதான் நல்ல அயலவருக்கு அழகு! மற்றவர்களும் மாட்டுங்கள்!” என்று உத்தரவே போட்டுவிட்டார். கழகத்தில் அந்த நேரம் சுடும் மற்ற எட்டுப்பேரும் முணுமுணுத்தபடி குழாய் வாங்கினார்கள்.

ஒரு சிக்கல். குழாய் ஏறியதும் துவக்கு நீண்டுவிட்டது. கழற்றிக் கழற்றி மாட்டினால் குறி பிசகும் என்று எமில் சொல்லிவிட்டார். பழைய பைக்குள் அடங்காததால், நீளமான கறுப்புப் பெட்டி ஒன்று வாங்கி, கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கிப் புடவைக்கடை ஞானசுந்தரத்தின் வாசலால் நடந்தான்.

“தம்பி சேந்தன்! அதென்ன நீளப் பெட்டி? நாதஸ்வரமோ?”

நாலு பெண்கள் சேலையை விரித்தபடியே திரும்பிப் பார்த்தார்கள். சேந்தனுக்கு இந்திராதேவியின் முகம் கண்முன் வந்தது.

“ஓம் அண்ணை,” என்றான். “சும்மா… பழகிறன்.”

மூன்றாவது கடிதம் புதன்கிழமை வந்தது. ‘ஆறாம் இலக்கக்காரரின் சத்தம் முன்னரைவிடத் தெளிவாகக் கேட்கிறது.’

“குழாய் போட்டும் கேக்குதாம்!” சேந்தன் தலையில் கைவைத்தான்.

எமில் அசரவில்லை. “மருந்து வெடிக்கிற சத்தத்த கொழா அடக்கிடுச்சு. குண்டு காத்தக் கிழிச்சிக்கினு போவுதே, அந்தச் சத்தம் இருக்குல்ல? மெதுவா போற தோட்டா விக்கிறான், அத்த வாங்கு.”

வாங்கினான். வின்சன்ற் எல்லோரையும் வாங்க வைத்தார். இப்போது கழகமே யாரோ தூரத்தில் புத்தகம் மூடுகிற மாதிரிச் சுட்டது. ஆனால் மெதுவான தோட்டாவுக்குச் சேந்தனின் துவக்கை இயக்கத் தென்பு போதவில்லை. தானே ஏற்றிக்கொள்கிற துவக்கு ஒவ்வொரு வெடிக்கும் வாயைப் பாதி திறந்தபடி நின்றது. கையால் இழுத்து, சிக்கிய வெற்றுத் தோட்டாக் கோதைத் தட்டி, மறுபடி இழுத்து… சுட்டதைவிடத் திருத்தியதுதான் அதிகம்.

அந்த நேரம் பார்த்து ரெலிபோன். வேலியடிக்கு ஓடினான்.

“தம்பி, ஞானசுந்தரம் கதைக்கிறன். மகள் பெரியபிள்ளையாயிட்டாள், வாற மாதம் சாமத்தியவீடு. லண்டனிலை இருந்து வாற மேளகாரர் விசாவிலை தடக்கிப்போட்டினம். நீர்தான் வந்து வாசிக்க வேணும்.”

“எனக்குப் பல்லு வலி, அண்ணை!”

“என்ன? விளங்கேல்லை!”

“பல்லு! பல்லு வலி! ஊத ஏலாது!”

“அதுக்கு இன்னும் நாலு கிழமை கிடக்குத்தானே!”

கால் மணித்தியாலம் தொண்டை கிழியக் கதைத்தும் பல்வலி ஞானசுந்தரத்திடம் எடுபடவில்லை. நாலாவது கடிதம் இரண்டு பக்கம் வந்தது. ‘இப்போது ஒவ்வொரு சொல்லும் என் சமையலறைக்குள் வருகிறது’ என்று அதில் ஒரு வரி. “கோபத்தில் கவிதையாக எழுதுகிறார்,” என்று வின்சன்ற் அதற்குப் பொருள் சொன்னார். “ஒவ்வொரு வெடியும் என்கிறார்.”

கழகத்தில் மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இவனால் குழாய், இவனால் புதுத் தோட்டா. அடுத்தது என்ன, இவனால் வில்லும் அம்புமா?

சேந்தன் துவக்கைத் திருத்துபவரிடம் கொண்டுபோனான். அவர் இரண்டு கிழமை வைத்திருந்து, அந்தத் தோட்டாவுக்கு ஏற்றபடி சீர்செய்து, உள்ளே இரும்பு இரும்போடு அடிபடுகிற ‘கிளாக்’ சத்தத்தையும் குறைத்துக் கொடுத்தார். இப்போது துவக்கு சுட்டால் சுட்டவனுக்கே சந்தேகமாக இருந்தது. எமில் இரண்டு தடவை, “சுட்டியா இல்லையாபா?” என்று கேட்டார்.

இனி எந்த மர்கரீத்துக்கும் கேட்காது என்று சேந்தன் பெருமூச்சு விட்ட அதே ஞாயிறு, மறுபடியும் ஞானசுந்தரம்.

“தம்பி, மண்டபத்திலை உம்மடை பேரைச் சொல்லியாச்சு. அழைப்புக் காட்டும் அடிச்சாச்சு. ‘நாதஸ்வரம்: சேந்தன்’ எண்டு தங்க எழுத்திலை.”

சேந்தனுக்குள் ஏதோ அறுந்தது.

“அண்ணை! அது நாதஸ்வரம் இல்லை அண்ணை! துவக்கு! துவக்கு!”

மறுமுனையில் குரல் தாழ்ந்தது. “தம்பி… நான் ஸ்பீக்கரிலை போட்டிருக்கிறன். கடை நிறையச் சனம்.”

ஏழு நிமிடத்தில் இந்திராதேவியின் அழைப்பு வந்தது. வேலியைப் பிடித்தபடி சேந்தன் முக்கால் மணித்தியாலம் விளக்கம் கொடுத்தான்.

“உங்களுக்கு மூளை கீளை இருக்கோ? லா ஷப்பலிலை இனி நான் எந்த முகத்தோடை கத்தரிக்காய் வாங்கிறது?”

“இது விளையாட்டுத் துவக்கப்பா! அரசாங்கம் தந்த பத்திரம் இருக்கு!”

“பத்திரத்தைக் கழுத்திலை கட்டிக்கொண்டு திரியுங்கோ! ஞானசுந்தரத்தார் பெஞ்சாதி என்னட்டை மெல்லமாக் கேக்கிறா, ‘உங்கடை அவர் ஆரைச் சுடப் போறார்’ எண்டு!”

“கடதாசியை எண்டு சொல்லும்! கடதாசியை!”

ஐந்தாவது கடிதம் திங்கட்கிழமையே வந்துவிட்டது. தபாலில் அல்ல, மதாம் மர்கரீத் நேரே நகரசபைக்குப் போய்க் கையில் கொடுத்திருந்தார்.

வின்சன்ற் நியாயமான மனிதர். நகரசபையிடம் ஒரு வாரத் தவணை வாங்கிக்கொண்டு வந்தார். “வெளியேற்றுவதற்கு முன்னால் ஒரு சோதனை,” என்றார். “அவரையே கூப்பிடுவோம். நீங்கள் அவர் முன்னால் சுடுங்கள். அவர் தாங்க முடியவில்லை என்றால், அதற்குப் பிறகு உங்கள் பத்திரத்தில் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.”

அந்த ஞாயிறு மதாம் மர்கரீத் வந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும். நேரான முதுகு, சாம்பல் நிறக் கோட். மேடைக்குப் பின்னால் நாற்காலி போட்டு, காதடைப்பான் கொடுத்தார்கள். கையில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். எட்டுப்பேரும் சுவரோரம் நின்றார்கள். எமில் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

சேந்தன் துவக்கைத் தோளில் வைத்தான். மூச்சை அடக்கிக் குறிபார்த்தான். சிலிப்பர் கழன்று தரையில் விழுகிற மாதிரி ஒரு சின்ன ஓசை. மறுபடி ஒன்று. துவக்கு ஒருமுறையும் சிக்கவில்லை. பத்துத் தோட்டாவும் கடதாசியின் நடுவில் ஒரு கோப்பைத் தட்டு அளவுக்குள் விழுந்தன. அவன் வாழ்க்கையிலேயே திறமான சூடு அதுதான், யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் கிழவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மதாம் மர்கரீத் கோட்டில் ஒட்டியிருந்த நூலொன்றை எடுத்துக்கொண்டிருந்தார்.

“சொல்லுங்கள், மதாம்,” என்றார் வின்சன்ற். “இந்தத் துப்பாக்கிச் சத்தத்தையா உங்களால் தாங்க முடியவில்லை?”

கிழவி நிமிர்ந்து, விளங்காத முகத்தோடு எல்லோரையும் ஒருமுறை பார்த்தார்.

“துப்பாக்கியா? அதை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்கத்தானே வந்தேன். முன்பெல்லாம் நீங்கள் சுடுகிற சத்தத்தில், இவர் என் வேலியைப் பிடித்துக்கொண்டு தொலைபேசியில் கத்துவது பாதியாவது கேட்காமல் இருந்தது!”