பழைய போனில் இறங்காத முள்ளெலி

ஆறு மணி நீராவிக் குளியலுக்கு ஐந்து மணியிலிருந்தே துண்டோடு காத்திருந்த தாப்பியோவுக்கு, போனில் வந்த அந்தப் புகாரைப் பார்த்ததும் பகீரென்றது.

‘புது அப்டேட்டில் நாற்பத்திரண்டாம் கட்டம் கெட்டுவிட்டது. முள்ளெலி நிலாவில் இறங்காமல் வழுக்கிக்கொண்டு போகிறது. என்னுடையது பழைய போன். இப்படிக்கு, பொறுமைசாலி.’

உருட்டிவிட்ட முள்ளெலியைக் கோள்களின் ஈர்ப்பில் வளைத்து வளைத்து வீடு சேர்க்கும் விளையாட்டு அது. ஈர்ப்புக் கணக்கெல்லாம் தாப்பியோவின் கைவேலை. அப்டேட்டை நாலு மணிக்குத்தான் வெளியிட்டிருந்தார்கள். தன் போனில் ஆடிப் பார்த்தான். முள்ளெலி சமர்த்தாக இறங்கியது.

முதலாளி மிர்க்காவைக் கூப்பிட்டான்.

“என் போன்ல நல்லாத்தான் இருக்கு.”

“உன் போனை வெச்சு நாம பிழைக்கலப்பா. பழைய போன்காரங்க திட்ட ஆரம்பிச்சா அவ்வளவுதான். உடனே சரி பண்ணு.”

வைத்ததும், ஓலு நகரத்துக்குப் போயிருந்த மனைவி ஹெல்யா அழைத்தாள்.

“ரெண்டு வெள்ளிக்கிழமை கோட்டை விட்டாச்சு. இன்னிக்கும் ஆறே காலுக்குள்ள கீழ போய்க் கையெழுத்துப் போடலன்னா நம்ம நேரம் அடுத்த ஆளுக்குப் போயிடும். நாலு வருஷம் வரிசையில நின்னு வாங்குனது, ஞாபகம் இருக்கா?”

“இருக்கும்மா.”

“சவுனா நேரம் போச்சுன்னா நானும் ஓலுவிலேயே இருந்துக்கறேன்.”

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்தக் கட்டடத்துக்கே பொதுவாக அடித்தளத்தில் இருப்பது ஒரே ஒரு சவுனா, அதாவது நீராவிக் குளியல் அறை; அதில் வெள்ளிக்கிழமை ஆறு மணி கிடைப்பதென்றால் சும்மாவா?

அப்படியும் புகாரை விட்டுவிட மனசு கேட்கவில்லை. குடிவந்த நாளாக யாரிடமும் வாய் திறக்காத இரண்டாம் மாடி உர்ஹோ, மத்தியானம் லிஃப்டில், “முள்ளெலி அப்டேட் இன்னிக்குத்தானே?” என்று கேட்டிருந்தார். அந்த அதிர்ச்சியில் தாப்பியோ தன் மாடியில் இறங்கவே மறந்துவிட்டான். அப்பேர்ப்பட்ட மனிதரே ஆடுகிற விளையாட்டு. மானம் போகலாமா?

நிலாவின் ஈர்ப்பைக் கொஞ்சம் கூட்டி அனுப்பினான். பத்து நிமிடத்தில் எண்பது புகார். முள்ளெலிகள் நிலாவில் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தன.

“என்னப்பா பண்ணி வெச்சிருக்க?” என்று வீடியோவில் வந்தாள் மிர்க்கா.

குறைத்தான். இப்போது முள்ளெலிகள் திரையை விட்டே பறந்தன. புகார் முந்நூறு. சூரியனின் ஈர்ப்பைக் கூட்டினால் இழுத்துப் பிடிக்கும் என்று கூட்டினான். பிடித்தது. முள்ளெலியோடு நிலாவும் சேர்ந்து சூரியனுக்குள் போய் விழுந்தது.

மணி ஆறு எட்டு. துண்டோடு எழுந்தான்.

“எங்க எழுந்திரிக்கற? நிலாவையே காணோம், உட்காரு” என்றாள் வீடியோவில் மிர்க்கா.

வேறு வழி தெரியாமல், நாலு மணிக்கு வெளியிட்டதையே அப்படியே திரும்பப் போட்டான். நிலா வந்தது. முள்ளெலி இறங்கியது. புகார்கள் நின்றன. அது எப்படி என்று யோசிக்க நேரமில்லை. லிஃப்ட் வரவில்லை. குளியல் அங்கியோடு படிகளில் உருண்டு புரண்டு ஓடினான்.

அடித்தளத்தில் காவலாளி ராய்லி நோட்டை மூடிக்கொண்டிருந்தாள். மணி ஆறு பதினேழு.

“ரெண்டே நிமிஷம்தானேக்கா.”

“எழுதிட்டேன் தம்பி. மூணாவது தடவை. அடுத்த பேருக்காரர் அஞ்சே முக்காலுக்கே வந்து உட்கார்ந்துட்டார்.”

தாப்பியோவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஹெல்யாவிடம் என்ன சொல்வது?

சவுனாவின் கதவு திறந்தது. ஆவிக்கு நடுவே இடுப்பில் துண்டோடு உர்ஹோ எட்டிப் பார்த்தார். கையில் அவருடைய போன். போன வாரம்தான் வாங்கியது போலப் பளபளத்தது. வாழ்க்கையில் இரண்டாவது முறையாக அவனிடம் வாயைத் திறந்தார்.

“மூணு வருஷமா பொறுமையா காத்திருந்தேன் தம்பி. நாற்பத்திரண்டாம் கட்டத்துல ஒரு குறையும் இல்ல. முள்ளெலி மொதல்லேயே அழகாத்தான் இறங்குச்சு.”