சத்தத்துக்கு ஊறும் கிணறு

கிணறு என்று ஒன்று இருந்தால் அதில் தண்ணீர் இருக்க வேண்டும் என்று சர்க்கார் எதிர்பார்த்தது. நியாயமான எதிர்பார்ப்புதான். புதூர்நாட்டுக்கு மேலே மலையில் ஒரு குக்கிராமத்துக்கு மேற்படி சர்க்கார் ஒரு கிணற்றை அனுமதித்தது. காண்ட்ராக்டர் வந்து தோண்டினார். ஆளுயரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தோண்டியதும் பாறை வந்தது. பாறையைக் கண்டதும் கிணறு பூர்த்தியாகிவிட்டதாக அறிவித்து, சுற்றுச்சுவர் எழுப்பி, சுண்ணாம்பும் அடித்துவிட்டார். கிணறு பார்க்க லட்சணமாக இருந்தது. தண்ணீர்தான் இல்லை.

அந்தச் சிறு குறையை நிவர்த்தி செய்யும் பொறுப்பு அவ்வூர் மங்கம்மாள் தலையில் விழுந்தது. நிஜமாகவே தலையில்தான். கிணறுகளைப் பார்வையிடும் ஸ்பெஷல் அதிகாரி கோபால்சாமியின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும், ஊர்ப் பெண்கள் பள்ளத்து ஓடையிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வந்து கிணற்றில் ஊற்ற வேண்டும். அவர் எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனதும், ஊற்றியதை மறுபடி இறைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அதற்குத் தடையில்லை.

"காஞ்ச கெணத்த அதிகாரி பாத்துட்டாருன்னா, ஆன செலவ உங்க சாமை மூட்டைய ஜப்தி பண்ணித்தான் எடுப்பாங்க" என்று காண்ட்ராக்டர் சொல்லியிருந்தார். ஊர்க் கவுண்டர் கருப்பன் அதை அப்படியே நம்பினார். சர்க்கார் கொடுப்பதில் ஊருக்குச் சந்தேகம் உண்டு, பிடுங்குவதில் கிடையாது.

மங்கம்மாளுக்கு மட்டும் வயிறு எரிந்தது. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் செந்தாமரையும் அந்தச் செங்குத்துப் பள்ளத்தில் இறங்கிக் குடம் சுமந்தாள். பாறைக்கு வெடி வைத்து இன்னும் கொஞ்சம் தோண்டினால் ஊற்று அகப்படும், பெண் பிழைக்கும். வெடி வைக்க அதிகாரி உத்தரவு போட வேண்டும். உத்தரவு போட அவர் காய்ந்த கிணற்றைப் பார்க்க வேண்டும்.

ஒரு நாள் துணிந்து சொல்லியே விட்டாள்.

"சாமி, இது ஊறுன தண்ணி இல்லீங்க. நாங்க ஊத்துன தண்ணி."

கோபால்சாமி சிரித்தார். "ஏம்மா, உலகத்துல யாராச்சும் கெணத்துல தண்ணி ஊத்துவாங்களா? கெணத்துலேர்ந்துதான் மொண்டுக்கினு போவாங்க."

"பாதித் தண்ணி இன்னும் எங்க பொடவைலயே கீதுங்க."

"மொள்ளும்போது சிந்தியிருக்கும்" என்றார் அதிகாரி. படித்தவர்.

அந்தச் சமயத்தில் கோபால்சாமிக்குத் தனிப்பட்ட ஒரு துயரம் இருந்தது. அவருடைய சர்க்கார் மோட்டார் சைக்கிள் மேட்டில் மூச்சு வாங்கியது. அதைவிடக் கேவலம், அதற்குக் கம்பீரமான சத்தம் இல்லை. அக்காலத்து அதிகாரிகளிடையே பெரிய சத்தம் ஒரு மோஸ்தராகப் பரவியிருந்தது. வண்டிச் சத்தத்துக்கே எழுந்து நிற்கிற ஜனங்கள், இவர் வந்து இறங்கிய பிறகும் உட்கார்ந்தே இருந்தார்கள். வாணியம்பாடியில் பட்டறை வைத்திருந்த சைபுல்லாவிடம் வண்டியை விட்டார். சைபுல்லா சைலன்சரின் உள்தகடுகளைப் பிடுங்கிவிட்டு, நீட்டுக் குழாய் ஒன்றைப் பொருத்தினார்.

"இப்போ எஞ்சின் நல்லா மூச்சு வுடும் சார். மேடு பிச்சிக்கினு ஏறும்."

"சத்தம்?"

"ஸ்டார்ட் பண்ணுங்க."

எதிர்ச்சாரியில் கட்டியிருந்த எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. கோபால்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

முன்பெல்லாம் கடைசி வளைவில்தான் சத்தம் கேட்கும். அதற்குள் கணுக்கால் அளவுக்குத்தான் ஊற்ற முடியும். இப்போது இரண்டு மலை தள்ளி வரும்போதே கேட்டதால், நிதானமாக இடுப்பளவுக்கு ஊற்ற அவகாசம் கிடைத்தது. அதாவது செந்தாமரை அவ்வளவு நடை கூடுதலாக நடந்தாள்.

கிணற்றை எட்டிப் பார்த்த கோபால்சாமி, குழாயைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி கிணற்றைப் பார்த்தார். குழாய் மாற்றுவதற்கு முன் கணுக்கால், மாற்றிய பின் இடுப்பு. மோட்டார் ஓசையினால் பூமி அதிர்ந்து, அடியில் அயர்ந்து கிடக்கும் நீரூற்றுகள் விழிப்படைகின்றன என்று மேலிடத்துக்குத் தெரிவித்தார். மேலிடம் இதைத் தீவிரமாகப் பரிசீலித்து, பெட்ரோல் படியை உயர்த்தியது. அடுத்த தடவை வந்தபோது கிணற்றடியில் வண்டியை நிறுத்தி நெடுநேரம் உறுமவிட்டார். செந்தாமரை காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மங்கம்மாள் புளி விற்க வாணியம்பாடிக்கு இறங்கினாள். சைபுல்லாவின் மனைவி ரபியா அவளிடம்தான் வாடிக்கையாகப் புளி வாங்குவது.

"பாய், அந்த வண்டி வாய ஒரே ஒரு தபா மூடி அனுப்புங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"இன்னாம்மா இது? சத்தம் பத்தலன்னு வர்றவங்கதான் உண்டு."

அவள் விஷயத்தைச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த ரபியா, "மாசமா கீற பொண்ணா கொடம் தூக்குது? தகட்ட மாட்டி அனுப்புங்க" என்றாள். மனைவி சொன்ன பிறகு சைபுல்லா மேற்கொண்டு விவாதிக்கவில்லை. எண்ணெய் மாற்ற வண்டி வந்தபோது பழைய தகடுகளை மாட்டி, இரண்டு துணிச் சுருளையும் திணித்து, "குழா சூடாயிடுச்சு சார், ஒரு வாரம் ஆறட்டும்" என்று அனுப்பிவைத்தார்.

அந்த வாரம் கோபால்சாமி பூனை மாதிரி வந்து சேர்ந்தார். பெண்கள் சாமை புடைத்துக்கொண்டிருந்தார்கள். ஊர்க் கவுண்டர் புளியமரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்தார். கிணற்றுக்குள் சொட்டுத் தண்ணீர் இல்லை; ஒரு கோழி மட்டும் அடைகாத்துக்கொண்டிருந்தது. மங்கம்மாள் முறத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"நல்லாப் பாருங்க சாமி! பாறைங்க! வெடி வச்சாத்தாங்க தண்ணி வரும்."

கோபால்சாமி நெடுநேரம் பார்த்தார். முகத்தில் ஒரு தெளிவு பிறந்தது.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றார். "சத்தம் கொறைஞ்சுது, தண்ணி வத்திப்போச்சு. இதுக்கு மேல இன்னா ரூஜு வேணும்?"

"சாமி, வெடி..."

"வெடியெல்லாம் ஒரு நாள் கூத்தும்மா. உங்களுக்கு வேண்டியது நிரந்தரமான சத்தம்."

அடுத்த வாரமே சைலன்சர் என்பதே இல்லாமல், வெறும் குழாயோடு வந்தார். கிணறு தளும்பியது. வெடிமருந்துக்கு ஒதுக்கிய தொகை குழாய்க்கு மாற்றப்பட்டது. பக்கத்து ஊர்க்காரர்கள் திரண்டு வந்து, எங்கள் கிணற்றுக்கு மட்டும் ஏன் மோட்டார் வரவில்லை என்று சண்டை போட்டார்கள். கருப்பன் விட்டுக்கொடுக்கவில்லை.

"இது எங்க ஊரு சத்தம். ஒரு சொட்டு தரமாட்டோம்."

"நாமதான ஊத்தறோம், கவுண்டரே!" என்றாள் மங்கம்மாள்.

"வண்டி சத்தத்தோட வந்தப்போ தண்ணி இருந்துச்சா, இல்லியா?"

"இருந்துச்சு."

"சத்தமில்லாம வந்தப்போ?"

"இல்ல."

"அப்புறம் இன்னா? படிச்சவரு சொல்றாரு, கேட்டுக்கோ."

மங்கம்மாள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்; கணக்கு சரியாகத்தான் இருந்தது.

கோடையில் ஓடையும் வற்றிவிட்டது. செந்தாமரை கைக்குழந்தையோடு பள்ளத்து மணலில் ஊற்றுத் தோண்டிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் எல்லோரும் கிணற்றைச் சுற்றி உட்கார்ந்து, மலைப்பாதைப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு மலைக்கு அப்பால் உறுமல் கேட்டது. மங்கம்மாள் குடத்தை எடுத்தாள். பள்ளத்தில் இறங்குவதற்கு முன், யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, கிணற்றுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.