ஒயர் பாய் கடலுக்குள் ஓடிய நாள்

ஒயருக்குள் ஃபைல் ஓடுவது கையில் தெரிகிறது என்று சொன்ன ஒரே இன்ஜினியர், இந்த பூமியில் எங்கள் ஒயர் பாய்தான்.

நாவலூரில் ஒரு சின்னக் கம்பெனி. கம்ப்யூட்டரில் எழுதிய புரோகிராமை ஒயர் வழியாக உள்ளங்கை அளவு போர்டுக்கு அனுப்புவதுதான் எங்கள் பிழைப்பு. நான் என்றால் பட்டனைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். பாய் இருப்பதிலேயே மெதுவான வேகத்தை வைத்து, நாடி பார்ப்பதுபோல ஒயரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஃபைல் போய்ச் சேரும்வரை யாரும் மேஜைப் பக்கம் நடக்கக் கூடாது. கேட்டால், "ஓடினு வர்றவன் பாதியக் கீழ போட்டுட்டு வருவான்" என்பார்.

அதோடு விடுவாரா? போர்டுக்குப் போனதை மறுபடி கம்ப்யூட்டருக்கே வரவழைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் மூச்சு விடுவார். மனிதர்களிடமும் இதே கூத்துதான். வீடு போய்ச் சேர்ந்தோமா என்று தினமும் ஒவ்வொருவருக்கும் போன் போடுவார். எனக்கு எரிச்சலாக வரும். கட் பண்ணிவிடுவேன்.

கோவளத்தில் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் அந்தோணி. போன மழைக்காலத்தில் அந்தோணியின் படகு திசை தெரியாமல் கடலில் மாட்டிக்கொண்டு, மறுநாள்தான் கரைக்கு வந்தது. அதன் பிறகுதான் கரை எந்தப் பக்கம் என்று காட்டும் போர்டு ஒன்றைச் செய்தோம். அதைப் படகில் மாட்டி, கரையில் வைத்தே புரோகிராமை அனுப்பினோம். மேனேஜர் பறந்த பறப்பில், பாய் முதல் தடவையாக, போனதைத் திருப்பி வரவழைத்து ஒப்பிட்டுப் பார்க்காமல் விட்டுவிட்டார்.

அந்தோணியோடு படகு அலையில் இறங்கியது. பாயின் முகம் செத்துப்போனது. அடுத்து நடந்ததைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. லேப்டாப்பைத் தலைமேல் தூக்கிக்கொண்டு, கழுத்தில் ஒயரோடு, ஷூவைக்கூடக் கழற்றாமல் மனிதர் கடலுக்குள் ஓடுகிறார்! மேனேஜர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். நெஞ்சளவு தண்ணீரில் அந்தோணி பாயின் காலரைப் பிடித்துப் படகுக்குள் இழுத்துப் போட்டார். படகு நிற்கவில்லை. பக்கத்திலிருக்கும் திருவிடந்தைக்கு பஸ்ஸில் போனாலே வாந்தி எடுக்கும் பாய், எங்கள் கண் முன்னாலேயே கடலுக்குப் போய்விட்டார்.

கரைக்கு வந்த ஒவ்வொரு படகிடமும் ஓடி ஓடிப் பார்த்தேன்.

இருட்டும் நேரத்தில் அந்தோணியின் படகு வந்தது. பாயை இரண்டு பேர் தாங்கி இறக்கினார்கள். நிற்கக்கூடத் தெம்பில்லை. "ஒரு எழுத்துகூட கொறையல" என்றார்.

ஆக, எல்லாம் முதலிலேயே சரியாகத்தான் இருந்திருக்கிறது!

அந்தோணிதான் கேட்டார். "நல்லாத்தான் கீதுன்னா, இன்னாத்துக்கு மச்சான் இம்மாம் பேஜாரு?"

"திரும்பி வந்தாத்தான மச்சான் தெரியும்" என்றார் பாய்.

அன்று வீட்டுக்குள் நுழைந்ததும், அவர் கூப்பிடட்டும் என்று காத்திருக்க எனக்கு மனசு வரவில்லை. நானே போன் போட்டு, "வந்து சேந்துட்டேன் பாய்" என்றேன்.