மஸ்கட் குக்

கொத்துக்கறி வெந்துவிட்டது. அதோடு சேர வேண்டிய பாஸ்தாவை எப்படி வேகவைப்பது என்பதுதான் ஜெரால்டுக்குத் தெரியவில்லை.

மஸ்கட்டில் ஓர் இத்தாலிய ஓட்டலில் ஆறு வருடம் இருந்துவிட்டு, போன மாதம்தான் குத்தாலம் திரும்பியிருந்தான். மகன் அங்கே குக் என்று அம்மா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அவளுக்கு அப்படிக் கடிதம் எழுதியவனே அவன்தான். உண்மையில் தட்டு கழுவினான். பாஸ்தாவை அவன் பார்த்ததெல்லாம் மிச்சம் வைத்த தட்டுகளில்தான்.

கூடத்தில் பெண் வீட்டார் வந்திருந்தார்கள். ஜாய்ஸின் அப்பா குழந்தைராஜ், அம்மா சகாயம்மாள். மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தவர்கள் சம்பந்தம் பிடித்தால்தான் கை நனைப்பார்கள். பிடிக்காவிட்டால் தண்ணீரோடு கிளம்பிவிடுவார்கள். ஜெரால்டுக்கோ ஜாய்ஸை மாதா கோயில் திருவிழாவில் பார்த்த நாளிலிருந்து வேறு பெண் நினைப்பே இல்லை.

"நான் அபுதாபியில பதினெட்டு வருஷம் ஹெட் குக்கு" என்று வந்ததுமே சொல்லிவிட்டார் குழந்தைராஜ். "தம்பி பாஸ்தா செய்யட்டும். கை நனைக்கிறத அப்புறம் பார்ப்போம்."

சொன்னதோடு விட்டாரா? அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

தண்ணீர் கொதிக்கட்டும் என்று ஜெரால்ட் காத்திருந்தான்.

"எதுக்கு நிக்கிறீங்க? பச்சத் தண்ணியிலயே போட்டு மூடுங்க. எங்க ஓட்டல்ல அப்படித்தான்."

ஹெட் குக்கிடம் எதிர்த்துப் பேசினால் குட்டு உடையும். போட்டு மூடினான். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தால் எல்லாம் ஒட்டி ஒரே உருண்டையாகக் கிடந்தது.

"கரண்டியால நல்லா கிண்டுங்க தம்பி."

கிண்டினான். களியாகிவிட்டது.

"இறுகிடுச்சு மாமா."

"கறிய கொட்டி ரெண்டு சொம்பு தண்ணி விடுங்க. இளகிடும்."

இளகியது. கஞ்சியாக ஓடியது.

"மைதா கரைச்சு ஊத்துங்க, கெட்டியாயிடும்."

ஊற்றினான். கரண்டி நட்டுக்கொண்டு நின்றது. தேர்தல் போஸ்டர் ஒட்டலாம்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "இதையாடா மஸ்கட்ல காசு குடுத்துத் திங்கிறாங்க?"

"ஆமாம்மா" என்றான். விளக்கம் சொல்லத் தெம்பில்லை.

பீங்கான் தட்டுகளில் பரிமாறினார்கள். குழந்தைராஜ் முள்கரண்டியால் குத்திப் பார்த்தார். முள்கரண்டி திரும்பி வர மறுத்தது.

"பதம் லேசா தப்பிடுச்சு" என்று தட்டைத் தள்ளி வைத்தார். யாரும் வாயில் வைக்கவில்லை. சகாயம்மாள் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கிளம்பப்போகிறார்கள்.

ஜெரால்ட் தட்டுகளை அள்ளிக்கொண்டு கொல்லைக்குப் போனான். அழுகை வந்தது. அடிபம்புக்கு முன்னால் உட்கார்ந்ததும் கை தன்பாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிட்டது. ஒட்டியதை வழித்தான், டம்ளர்களைத் தனியே பிரித்தான், தட்டுகளை ஊறவைத்து, தேய்த்து, பெரிதுக்கு மேல் சிறிதாக அடுக்கிக் கவிழ்த்தான். காலையிலிருந்து இப்போதுதான் மூச்சு சீராக வந்தது.

நிமிர்ந்தால் கொல்லைக் கதவருகே சகாயம்மாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. ஒரு தட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவன் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னாள்:

"சோறு ரசம் இருந்தா போடுங்க சம்பந்தி, கை நனைக்கிறோம். எங்க வீட்டுக்காரரும் அபுதாபியில பதினெட்டு வருஷம் தட்டுதான் கழுவுனாரு, இங்க வந்து ஒரு டம்ளர் கழுவுனதில்ல."