மந்திரியின் பொறுப்பில் ஒருவர்

அமைதியான புறநகரில் நாயோடு குடியிருக்க ஒரு வாடகை வீடு தேடுவது குற்றமல்ல. ஆனால் விசாரணை என்னவோ குற்றவாளிக்கு நடப்பதுபோலத்தான் நடக்கும்.

தலைமை எழுத்தருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். வருகிற மனுவையெல்லாம் 'விவரம் போதாது' என்று திருப்பி அனுப்பியே தலை நரைத்தவர் அவர். இப்போது வீட்டுக்காரர், "நாய் போகணும், இல்லேன்னா நீங்க போகணும்" என்று சொல்லிவிட்டார். மனைவியோ, "அது போனா நானும் போறேன்" என்றாள். ஆக, அவர் தனியே தங்குவதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. அவருக்குத்தான் இருந்தது. வெளியே சொன்னதில்லையே தவிர, நாய் என்றால் அவருக்கும் உயிர்.

நாயின் பெயர் மந்திரி. எந்நேரமும் தூக்கம், விழித்தால் சாப்பாடு, எதைக் கேட்டாலும் பதில் கிடையாது.

வீட்டுத் தரகர் ஓர் இடம் சொன்னார். "நாய்க்கு அனுமதி உண்டு சார். ஆனா சங்கத்துல நேர்காணல் வைப்பாங்க."

"எனக்கா?"

"நாய்க்கு. பின்னாலேருந்து ஒரு தட்டைக் கீழே போடுவாங்க. குரைச்சா வீடு கிடையாது. குடிவந்த பிறகு குரைச்சாலும் அன்னிக்கே காலி பண்ணணும்."

அன்று முதல் வீட்டில் தட்டுகள் விழுந்தன. மனைவி தட்டைப் போடுவாள், மந்திரி வாயைத் திறக்குமுன் தலைமை எழுத்தர், "வாயை மூடு!" என்று ஓர் அதட்டல் போடுவார். மந்திரி முதல் தட்டுக்கே கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் ஆரம்பித்த பயிற்சியைப் பாதியில் நிறுத்த அவருடைய அலுவலக மனசு ஒப்பவில்லை.

நேர்காணலில் மந்திரிக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். கணவனும் மனைவியும் நின்றார்கள். சங்கத் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தங்கள் நாயானது இக்குடியிருப்பின் பேரமைதிக்கு யாதொரு பங்கமும்..." என்று தொடங்க, பின்னால் நின்ற செயலாளர் தட்டைப் போட்டார்.

மந்திரி கொட்டாவி விட்டது.

"வாயை மூடு!" என்று கத்தினார் தலைமை எழுத்தர்.

மேல்மாடி ஜன்னல்கள் திறந்தன. தலைவர் வாயை மூடியேவிட்டார். அவரிடம் அப்படிச் சொல்லும் உரிமை அதுவரை அவர் மனைவிக்கு மட்டுமே இருந்தது.

செயலாளர் யோசித்துச் சொன்னார்: "நாய் விஷயத்துல சங்கத்துக்கு ஆட்சேபணை இல்லை. கூட வந்தவரைப் பத்திதான்..."

"அவர் கடிக்க மாட்டார் சார்," என்றாள் மனைவி.

"எல்லாரும் இப்படித்தாம்மா சொல்றாங்க."

தீர்மானம் வாசிக்கப்பட்டது: மேற்படி நபர் படிக்கட்டு, லிஃப்ட், தோட்டம் முதலான பொது இடங்களில் நாயின் துணையின்றி நடமாடலாகாது. இதற்கு முன்னுதாரணமே இல்லை என்று சொல்ல வாயெடுத்தார் தலைமை எழுத்தர். மந்திரி அவரை நிமிர்ந்து பார்த்தது. அவர் அடங்கிவிட்டார்.

"பாருங்க, நாய் சொன்னா கேக்கறாரு," என்று திருப்திப்பட்டார் செயலாளர்.

குடிவந்த பிறகு பால் வாங்கப் போனாலும் மந்திரிதான் கூட்டிப்போயிற்று. அது நடக்கும் வேகத்தில் யாரோடும் சண்டைக்குப் போக முடியாது. ஜன்னலிலிருந்து இதைக் கவனித்துவந்த தலைவரின் மனைவி, "இவருக்கும் ஒண்ணு பாக்கணும்" என்றாள். வீட்டுக்கு வீடு நாய் வந்தது. முதலில் அது நாகரிகமாக இருந்தது, பிறகு கௌரவமாயிற்று, கடைசியில் விதியாயிற்று. அனுபவஸ்தர் என்பதால் தலைமை எழுத்தரையே செயலாளராக்கினார்கள்.

ஒருநாள் ஓர் இளைஞர் வீடு கேட்டு வந்தார். அன்று சங்கக் கூட்டம். எல்லாரும் அவரவர் நாயோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்க வீட்ல நாய், பூனை எதுவும் கிடையாது சார். சத்தமே இருக்காது," என்றார் இளைஞர்.

தலைமை எழுத்தர் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "நாயே இல்லையா? அப்போ உங்களுக்கு யாரு பொறுப்பு?"

"நான்... நானேதான் சார்."

"விவரம் போதாது. போய் ஒரு நாயோட வாங்க."

நாற்காலிக்கடியில் படுத்திருந்த மந்திரி எழுந்தது. தலைமை எழுத்தரை ஏற இறங்கப் பார்த்தது. பிறந்ததிலிருந்து முதல்முறையாகக் குரைத்தது. உடனே தலைவரின் நாய் குரைத்தது; அதைக் கேட்டு மற்ற எல்லா நாய்களும் குரைத்தன.

"வாயை மூடு" என்று சொல்லவேண்டிய நேரம் அதுதான். தலைமை எழுத்தரோ விதிகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். விதிப்படி அன்று மாலைக்குள் அத்தனை பேரும் காலி செய்தாக வேண்டும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இளைஞர் மட்டும் பணிவாகக் கேட்டார்: "சார், இதுல கிழக்குப் பாத்த வீடு எது?"